வெடிபொருள் அல்ல

அளம்பிலில், கடலுக்கு முந்நூறு யார் இப்பால்
பதினோராம் வரிசையில் முழங்காலில் நிற்கிறேன்.
கருவி கத்துகிறது.
கண்ணிவெடி இப்படிக் கத்தாது,
அது கிள்ளுப்பட்ட குழந்தைபோல ஒருக்கால் வீரிட்டு நிற்கும்.
இது ஒரு முழ நீளத்துக்கு இழுத்து இழுத்து அழுகிறது.

பக்கவாட்டில் சுரண்டினேன்.
யூரியாப் பை.
அதற்குள் இன்னொரு யூரியாப் பை.
அதற்குள் கிறீஸ் அப்பிய தகரத் தட்டு,
தட்டுக்குள் மூன்று சுருள்கம்பி.
இரண்டு உயிரோடு. ஒன்று நடுவில் அறுந்து.

ஓடுகிற அவதியில்
கிறீஸ் பூச நேரம் கண்ட மனிசர் ஆரோ.

மேற்பார்வையாளர் நவரூபன் படிவத்தில் எழுதினார்:
இரும்பு. வெடிபொருள் அல்ல.
"என்ன சாமான் பிள்ளை இது?"
றிவேர்ப், என்றேன்.
அதையும் எழுதப் பேனையை வைத்து
எழுத்துக் கூட்ட வராமல் எடுத்துவிட்டார்.
பழைய இரும்புக்குத்தானே போகும், கொண்டுபோ என்றார்.

எனக்கு எப்படித் தெரியுமென்றால்
நீர்கொழும்பில் ஒரு பைலாக் கோஷ்டி உடைந்தபோது
இரண்டு மாதச் சம்பளத்துக்கு வாங்கின
வால்வு அம்பிளிபயரின் அடிவயிற்றில்
சரியாக இந்த நீளத்துக்கு ஒரு வெறுமை.
நாலு ஆணித்துளை.
எங்கேயும் போய்ச்சேராத இரண்டு வயர்.

கிற்றார் யப்பானில் செய்தது, என்னிலும் இருபது வயது மூப்பு.
பெயர்த்தகடு கழன்று பசைத்தழும்பு மட்டும்.
நாலு சுவிட்சில் மூன்று வேலை செய்யும்,
நாலாவதைத் தட்டினால் ஏதோ ஒரு ஸ்டேசனில் செய்தி வரும்.
போனில் பார்த்துப் பழகினேன்:
ஒரே கோட்டுச் சட்டையில் நாலு பொடியள்
வாய் திறக்காமல்
கம்பியாலேயே கடலை அடித்து எழுப்புகிறார்கள்.
கோணி ஊசி ஓடுகிற வேகத்தில் மேல் கீழ் மேல் கீழ்.
என் கடல் மட்டும் ஈரமில்லாமல் கிடந்தது.

அறுந்த சுருளுக்கு மாற்றுத் தேடி
சம்மாட்டி பவுலீனிடம் போனேன்.
"சேவ் மியூசிக்கோ? அதென்ன?"
அலைக்குமேல பலகை வைச்சு ஏறி நிக்கிற ஆக்களுக்கு வாசிக்கிறது.
"நிண்டு? வலை வளைக்கவோ?"
இல்லை, சும்மா.
"சும்மாவோ?"
கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார்,
இத்தனை வருசமும் அது தன்னிடம் மறைத்த விசயம்போல.
பிறகு உடைந்த மீன்தராசு ஒன்றைத் தூக்கித் தந்தார்.
"ஐஞ்சு கிலோவுக்கு மேல பொய் சொல்லும்.
சுருளை எடு. கடன்தான், சொல்லிப்போட்டன்."

தடிப்பு, சேராது என்றான் லீனஸ்.
மோட்டார்சைக்கிள் ஹோர்ன் திருத்துகிறவன்,
சேராததைச் சேர்த்துத்தான் அவனுக்குச் சீவியம்.
அரைவாசியாய் வெட்டி, இழுத்து, ஈயம் வைத்தான்.

மாலை ஏழு மணி, கரண்ட் மெலிந்த நேரம்.
வால்வு சிவக்க இரண்டு நிமிசம்.
தடித்த கம்பியில் மேலிருந்து விரலை வழுக்கிவிட்டேன்.

தண்ணி.

கடைக்குள், கிறீஸ் துணிகளுக்கு மேலே, தண்ணி சொட்டியது.
மெல்லத் தட்டினால் மூன்று சுருளும் உண்மை பேசின.
ஓங்கி அடித்தால் மூன்றாவது
சாளையை அறுக்குளா என்று கூவிற்று.
அதுதான் எனக்கு நல்லாய்ப் பிடித்தது.

ஆட்டோ ஒன்று பின்னால் வந்து மேசையில் முட்டியது.
பெட்டி குலுங்கிச் சுருள் மூன்றும்
ஒன்றோடொன்று மோதி
வானம் பிளந்த சத்தம்.

கடையில் நின்ற ஐந்து பேரும் நிலத்தில்.
நானும்தான், கிற்றாரை நெஞ்சுக்கு மேலே பிடித்தபடி.
அது இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.
ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை.
லீனஸ்தான் கிடந்த வாக்கிலேயே சொன்னான்:
"படிவத்தில என்ன எழுதினவை?"

நாளைக்குப் பன்னிரண்டாம் வரிசை.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு
எதிரொலியை மட்டும் ஏன் புதைத்தார் அந்த ஆள்?
பாரமா? இல்லை, அது மட்டுமாவது தப்பட்டும் என்றா?
எங்காவது காய்ந்த சத்தத்தில் வாசித்துக்கொண்டிருந்தால்
வரட்டும், கழற்றிக் கொடுக்கிறேன்.
இரண்டு சுருள்.
மூன்றாவது பவுலீனுடையது,
அவர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.