சலவை அறையின் தீவுகள்

கலாவ் அவென்யூ நடைபாதையில்
காலை ஏழுக்கே வெயில் ஏறிவிட்டது.
கடலோடிப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி
நூறு பேருக்குப் பின்னால் நான்.

மூன்றாவது மாடியில், முனகும் மின்விசிறிக்குக் கீழே
சோலெதாத் அம்மையார் இரண்டு தாள்களைத் தள்ளினார்.
"அதிர்ஷ்டக்காரன் நீ. இந்தமுறை நீயே தேர்ந்தெடுக்கலாம்."

ஒன்று மேற்குத் தடம்:
கொசுமெல், ரோவதான், கிராண்ட் கேமன்,
நடுவில் இரண்டு நாள் வெறும் கடல்.
மற்றது தெற்கே:
பார்படோஸ், செயின்ட் லூசியா, கிரெனடா,
தினம் ஒரு துறைமுகம்.
மேற்கே போனால் மாதம் நாற்பது டாலர் கூட.

தாளின் ஓரத்தில் ஒரு பெண்
இரண்டு தென்னைகளுக்கு நடுவே தூளியில் சாய்ந்திருந்தாள்.
அவள் தலைக்கு அடியில் கிடந்த துண்டைத்தான் பார்த்தேன்.
நீலக் கோடு போட்டது.
கொதிநீரில் போடக் கூடாது, சாயம் போகும்.

கடல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நினைக்கிறார்கள்.
பட்டதெல்லாம் சலவைத் தண்ணீர்.
ஆறு ஒப்பந்தங்கள், நீர்மட்டத்துக்குக் கீழே,
ஜன்னல் இல்லாத அறை.
தீவுகளை நான் பார்த்ததில்லை,
உதறியிருக்கிறேன்.
கொசுமெல் மணல் மாவு மாதிரி, மடிப்பில் ஒட்டிக்கொள்ளும்.
செயின்ட் லூசியாவில் கருமணல், எரிமலை போட்டது,
வாரத்துக்கு இருமுறை வடிகட்டியை அடைக்கும்.
ஒருமுறை சிறு சங்கு ஒன்று வந்து
உலர்த்தியில் இரவெல்லாம் லொடலொடத்தது.
எந்தத் தீவுடையது என்று
யாரிடம் போய்க் கேட்க?

"தெற்கே போகாதே" என்றான் எல்மெர்
பக்கத்து மேசையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே.
"தினம் கரை என்றால் தினம் ஐயாயிரம் துண்டு.
இடுப்பு ஒடிந்துவிடும்.
நாற்பது டாலர் என்ன சும்மாவா?"

சும்மா இல்லை.
கூரைக்குத் தகரம்,
அல்லது ஜோவிலின் பல்லுக்குக் கம்பி.

ஜோவிலினுக்கு எட்டு வயது.
போன ஒப்பந்தம் மேற்கே.
ஒருநாள் பதின்மூன்று மணி வித்தியாசம்,
மறுநாள் பதினான்கு.
விரல்விட்டு எண்ணி அவள் அழைக்கையில்
நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.
நான் அழைத்தால் அவள் பள்ளியில்.
பிறகு அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

பார்படோசில் பன்னிரண்டு.
கூடவுமில்லை குறையவுமில்லை.
இங்கே ஏழு என்றால் அங்கேயும் ஏழு,
காலையும் மாலையும்தான் இடம் மாறியிருக்கும்.
முள்ளைத் திருக வேண்டாம்.
இரண்டாம் வகுப்புக்கு அந்தக் கணக்கு போதும்.

தெற்கு என்றேன்.
அம்மையார் முத்திரையை மையில் ஒற்றினார்.
"அழகான தடம். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள்."

படியிறங்கும்போது எல்மெர் பேசவில்லை.
கீழே தாஹோ விற்பவனிடம் இரண்டு கோப்பை வாங்கினேன்,
ஒன்றை அவன் கையில் திணித்தேன்.
பல் கம்பியைப் பற்றி
மரிவிக்கிடம் எப்படிச் சொல்வது என்று
இன்னும் யோசிக்கவில்லை.

மணி பதினொன்று.
அங்கேயும்.