பதினான்கும் முப்பத்தொன்றும்

உப்புவெளியில் பதினொரு ஹொட்டேலுக்கு
மருந்தடிக்கிறவன் நான்.
முதுகில் தாங்கி, மூக்கில் துணி.
குசினி வடிகானுக்குள் குழாயை விட்டால்
பத்து நிமிடத்தில் மல்லாந்து கிடக்கும்
கரப்பொத்தான்கள்.
கூட்டி அள்ளி எண்ணாமல் கொட்டுவேன்.
பில்லில் ஒரே வரி: பூச்சி ஒழிப்பு, முழுநாள்.

இருபத்திரண்டு வருசமாய் எனக்கு
கரப்பான் என்றால் ஒன்றுதான்,
கபில நிறம், கெட்ட மணம்.

கம்பஸிலிருந்து சுகிர்தமலர் மிஸ் வந்து கேட்டா:
"ராத்திரியில காட்டுக்குள்ள டோர்ச் பிடிக்க ஏலுமா?
அதுகளின்ர புத்தி உங்களுக்குத்தானே தெரியும்."

கன்னியா தாண்டி,
வெந்நீர்க் கிணறுகளின் ஆவி பின்தங்கிவிடுகிற இடத்தில்
பாலையும் வீரையும் உதிர்த்த சருகு.
மண்டியிட்டு அரித்தோம்.
சல்லடையில் குறுணியளவு ஒன்று, தேன் நிறம்.
அதைவிடச் சிறிதாய் இன்னொன்று,
முதுகில் யாரோ சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல.
உக்கிய முதிரைக் கட்டையைப் பிளந்தால்
உள்ளே தாய், தகப்பன், பிள்ளைகள்,
மரத்தைத் தின்றுகொண்டு
தங்கள் சிறகைத் தாங்களே கடித்துத் துப்பியவர்கள்.
"வீடு கிடைச்ச பிறகு பறந்து என்னத்துக்கு?" என்றா மிஸ்.
பட்டையடியில் ஒரு கறுப்பு மணி.
மணியென்றுதான் எடுத்தேன்.
உள்ளங்கைச் சூட்டில் மெல்ல விரிந்து
கால் முளைத்து நடந்தது.

இதுக்கெல்லாம் என்ன பேர், என்றேன்.
இலத்தீனில் இருக்கு, சிலதுக்கு அதுவும் இல்லை, என்றா.
தமிழில் எல்லாவற்றுக்குமாய் ஒரு கரப்பான்.
அந்தச் சொல்லிலும் பாதியைச் சொறிக்குக் கொடுத்துவிட்டோம்.

"நீங்கள் ஹொட்டேலில கொல்லுறது அமெரிக்கன்."
அமெரிக்காவிலிருந்து வந்ததோ?
"இல்லை, ஆபிரிக்கா. ஜேர்மன் எண்டு ஒண்டிருக்கு,
அது ஜேர்மனியில பிறந்ததுமில்லை."
எங்கள் துறைமுகத்தின் ஆழத்தைக்
கப்பல்காரர் புகழ்ந்துகொண்டிருந்த நேரம்
கயிறு வழியே ஓசையில்லாமல் இறங்கியிருக்கும்.

அப்படியென்றால் இந்த மண்ணின் கரப்பான் ஒன்றையாவது
நான் கொன்றிருக்கிறேனா?
மிஸ் யோசித்தா.
"இல்லையெண்டுதான் நினைக்கிறன். அதுகள் வீட்டுப்பக்கம் வராது."
நான் மூச்சு விடுவதற்குள்,
"ஆனா கறையானும் இப்ப இந்தக் குடும்பம்தான்."
கறையானுக்கு நான் தனிப் பில் போடுகிறவன்.
ஒரு குடும்பத்திடம் இரண்டு கட்டணம்.

போத்தல் பதினான்கில் சிறகுள்ளது,
நிலாவெளிச் சுவரில் லைட்டுக்கு வந்தது,
ஒல்லி, அவசரக்காரன்.
போத்தல் முப்பத்தொன்றில் அந்தக் கறுப்பு மணி.
பதிவேட்டில் எட்டு மாதம்
இரண்டு பக்கம், இரண்டு இனம்.

மாசி மாதம், பனி இறங்கிய இரவு,
வீரை மரத்தில் என் வெளிச்சம் போய் நின்ற இடத்தில்
அதே அவசரக்காரனும் அதே மணியும்
வாலோடு வால் பொருந்தி,
ஆளுக்கொரு திசை பார்த்தபடி.
மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டா.
"லைட்டை நிப்பாட்டுங்கோ."
நுளம்பு கடிக்கக் கடிக்க
இருட்டில் நின்றோம், ஏதோ கலியாண வீட்டு வாசலில்
அழைப்பில்லாமல் வந்தவர்கள் போல.

காலையில் முப்பத்தொன்றின் பக்கத்தைக் குறுக்கே வெட்டி,
பதினான்கின் கீழே எழுதினா: பெண்.
எண்ணிக்கை ஒன்று குறைந்ததற்கு
இவ்வளவு சந்தோசப்பட்ட ஆளை நான் கண்டதில்லை.
பிரித்துப் பிரித்துப் பதிகிற பதிவேடுகளைப்
பள்ளிக்கூடத்தில், சோதனைச் சாவடியில், நிவாரண வரிசையில்
பார்த்து வளர்ந்தவன் நான்.
சேர்த்து எழுதியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஊசிக்கடியில் எறும்பளவு எழுத்தில் ஒரு லேபல்:
இடம், திகதி, மரம்.
சேகரித்தவர்: க. தில்லையம்பலம்.
கண்ணாடி போட்டு மூன்று தரம் வாசித்தேன்.

திங்கட்கிழமை ஹொட்டேல் வடிகானில்
மீசையை ஆட்டிக்கொண்டு ஒன்று எட்டிப் பார்த்தது.
அடித்தேன்.
பிள்ளைகளுக்குச் சோறு அதில்தான்.
பில்லில் 'பூச்சி' என்று எழுதி,
பேனையைத் தூக்கி, கொஞ்சம் நின்றேன்,
மனேஜர் கேட்பாரோ என்று, எந்தப் பூச்சி?

அவர் காசை எண்ணிக்கொண்டிருந்தார்.