முன்சொல்

இருபத்தாறு வருடமாகத் திரியெஸ்தேயில்
மேடை விளிம்பின் பொந்துக்குள்
இடுப்பு வரை நான்.
பாடுகிறவர்களைக் காலணியால்தான் தெரியும்.
இந்தப் பருவத்துச் சோப்ரானோ
இடது குதிகாலை உயர்த்தினால்
மேல் ஸ்தாயிக்குப் பயப்படுகிறாள் என்று அர்த்தம்.

ஆரியாவில் யாரும் மறப்பதில்லை,
மெட்டு கையைப் பிடித்துக்கொள்ளும்.
ரெசிட்டட்டிவில்தான் விழுவார்கள்,
பேச்சு மாதிரியே இருக்கிற இடத்தில்.
அரை மாத்திரை முந்தி
அடியெடுத்துக் கொடுப்பேன், வெறும் மூச்சாக.
கைதட்டல் என் தலைக்கு மேலே போகும்.

வீட்டிலும் இதே வியாதி.
லீவியோ வாயைத் திறப்பதற்குள் உப்பை நகர்த்துவேன்.
"ஒரு வாக்கியத்தையாவது, நெரீனா,
நானே முடிக்க..."
"...விடு" என்று முடித்தேன்.

நேற்று அடுக்களையில்
கோட்டைக் கழற்றாமல் நின்றபடி
"நான் வந்து" என்றான்.
அடுத்த சொல் என் உதட்டில் தயார்.
கொடுக்கவில்லை.

சுரத்தின் தலையில் ஒரு வளைவு, உள்ளே புள்ளி:
வேண்டுமட்டும் நீட்டு, தாளம் காத்திருக்கும்.
வெளியூர்க்காரர்கள் அதை ஃபெர்மாத்தா என்பார்கள்.
எங்களுக்கு அது மகுடம்.
ஃபெர்மாத்தா என்றால் இங்கே
பஸ் நிற்கும் இடம்.

போரா காற்று ஜன்னலை உலுக்கியது.
காபிக் குடுவை பொங்கி அடங்கியது.
கடைசியில் அவனே கண்டுபிடித்தான்,
நான் வைத்திருந்ததைவிடச் சின்னச் சொல்.

மேலிருந்து பார்த்தேன்.
நிறுத்தத்தில் அவனும் பெட்டியும் காற்றில் சாய்ந்து.
இரண்டு பதினேழாம் நம்பர்களை
ஏறாமல் விட்டான்.

இன்று இரண்டாம் அங்கம்.
இடது குதிகால் உயர்கிறது.
மூச்சை இழுக்கிறேன்.