சிவப்பு நூல்

முன்பெல்லாம் எண்பது மீட்டர் வீசுவார்.
ஹார்பரில் கன்டெய்னர் கட்டும் இரும்புக்கழி
வலது தோளில் விழுந்தது.
இப்போது சட்டை மாட்டவே
கை காதுக்கு மேல் எழுவதில்லை.

அதனால்தான் படகு.
வெள்ள வருஷத்தில் எங்கள் தெருவுக்குள் வந்து
மாடி மாடியாய் ஆள் இறக்கிய அதே பைபர் படகு.
பிறகு யாருக்கும் வேண்டாமல்
எடைக்குப் போக இருந்ததை
மூவாயிரத்துக்குப் பேசி வாங்கினேன்.
உட்காரும் பலகைக்கு அடியில்
யாருடையதோ, ஒற்றைக் கொலுசு மணி.
அதைத்தான் தூண்டில் கழியின் நுனியில்
கட்டியிருக்கிறோம்.

சனிக்கிழமை ராத்திரி, மாதவரம் ஏரி.
கடலைப் புண்ணாக்கு, மைதா, கொஞ்சம் ஏலக்காய்
பிசைந்து, எலுமிச்சை அளவு உருட்டி
சுற்றிலும் ஐந்து முள் புதைத்து
பலகையில் வைப்பார்,
என் கையில் தரமாட்டார்.
"இது வீசறது இல்ல அம்சா.
பார்சல் கொண்டுபோய்க் குடுக்கறது."

துடுப்புப் போடுகிறவளுக்குப்
போகிற இடம் தெரியாது.
முதுகை முன்னால் அனுப்பிவிட்டு
விட்டு வந்ததையே பார்த்துக்கொண்டு போகவேண்டும்:
பிளாஸ்டிக் ஸ்டூல், பீடி நெருப்பு,
அவர் இடது கை வழியாக
எனக்குப் பின்னால் ஓடிவரும் நரம்பு.
சின்னதாகிக்கொண்டே போவார்.
நரம்பு மட்டும் சின்னதாகாது.

இடத்துக்கு அவர் வைத்த கணக்கு உண்டு.
செல்போன் டவர் விளக்கும் நீலத் தண்ணீர்த் தொட்டியும்
ஒரே கோட்டில் வரணும்.
இடப்பக்கம் ஒற்றைப் பனையும் மசூதி விளக்கும்
ஒரே கோட்டில் வரணும்.
ரெண்டும் வெட்டுகிற இடத்தில் நிறுத்து.
துடுப்பு படகில் இடிக்காதே,
மீனுக்கு அது மணலி வரைக்கும் கேட்கும்.

அன்றைக்கு அங்கே தண்ணீர் சும்மா இருந்தது.
ஆறேழு வாரமாய்ச் சும்மாதான் இருந்தது.
கழுத்தைத் திருப்பினேன்.
ஆலைத் தீ ஏரியில் விழும் வெளிச்சத்தில்
ஆகாயத்தாமரைத் திட்டின் ஓரம்
குமிழி,
உலை கொதிக்கத் தொடங்கும்போது
அடியிலிருந்து ஒவ்வொன்றாய் வருமே, அப்படி.

கொஞ்ச நேரம் நின்றேன்.
பீடி நெருப்பும் நின்ற மாதிரி இருந்தது.
பிறகு
டவரும் தொட்டியும் பிரிய,
பனையை விட்டு மசூதி விலக,
போனேன்.

உருண்டையை முழங்கை நனையும் வரை இறக்கி
விட்டேன்.
ஈயம் சேற்றில் உட்கார்ந்ததை
நரம்பு என் விரலுக்குச் சொன்னது.

திரும்பும்போது அவர் என் முதுகுக்குப் பின்னால்.
கண்ணெதிரே, நான் செய்த காரியம்,
கறுப்பாய், அகலமாய்.
"சரியான எடமா?"
"ம்."

மூன்றே முக்காலுக்கு மணி.
கழியின் அடியை வயிற்றில் முட்டுக் கொடுத்து
இடது கையால் சுற்றினார்.
வலி என்று ஒரு தடவையும் சொல்லவில்லை,
கெட்ட வார்த்தை நிறைய சொன்னார்.
நான் இடுப்பளவு தண்ணீரில் வலைக்கூடையோடு.
ஏழரை கிலோ கட்லா.
செதில் ஒவ்வொன்றும் ஐந்து ரூபாய்க் காசு அகலம்.

டீக்கடையில் ஷேக் மீரானிடம் சொன்னார்:
"டவர் லைட்டுக்கு நேரா போட்டேன்."
போட்டேன் என்றார்.
நான் சர்க்கரை கம்மியாய்
இன்னொரு டீ கேட்டேன்.

வெள்ளிக்கிழமை நரம்பைக் காயவைக்கப் பிரித்தபோதுதான்
பார்த்தேன்.
எண்பதாவது மீட்டரில், சிவப்பு நூலில் ஒரு முடிச்சு.
இருட்டில் விரலுக்குத் தட்டுப்படட்டும் என்று
கட்டியது.
அன்று ராத்திரி அது
அவர் விரலைத் தாண்டிப் போயிருக்கிறது,
அதற்குப் பிறகும் நரம்பு ஓடியிருக்கிறது,
அவர் பிடிக்கவில்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை
உருண்டையைப் பலகையில் வைக்காமல் நீட்டினார்.
வாங்கினேன். ஈரமாய், கனமாய், ஐந்து முள்ளும் உள்ளே.
படகைக் காலால் தள்ளிவிட்டு
ஏரியைப் பார்த்துச் சொன்னார்:
"முடிச்ச நூத்திப்பத்துக்கு மாத்திட்டேன்."