ஙூ

அரிச்சுவடியில் சும்மா குந்தியிருந்த எழுத்து அது.
சங்கைக் கீறிவிட்டு
அதன் நடுவில் ஒளித்து வைத்திருந்தார்கள்.
கல்முனை டியூட்டரியில், கூட்டுவட்டி ஓடிய ஒரு சனிக்கிழமை
கடைசி வாங்கிலிருந்து ஹஸ்மியா
அதற்கு வேலை போட்டுக் கொடுத்தாள்.

ஙா என்றால் நான்.
ஙீ என்றால் நீ. நீங்கள் கிடையாது.
வட்டிக்கணக்கு சேரும் ஙீ,
பாண்டிருப்புச் சந்தியில் அப்பம் சுடும் பூமணியக்காவும் ஙீ.
நான் கொஞ்சம் இழுத்தேன்.
"படைச்சவனையே நீ எண்டுதான் கூப்பிடுற,
மறுகா சேருக்கு என்ன?" என்றாள்.

அவன் அவள் அவர் அது,
எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினோம்: ஙே.
நாங்கள் பேசப்பேச வாய் பார்த்து நின்றவர்கள்
அப்படித்தானே முழித்தார்கள்.
பஸ் ஙே. மாடு ஙே. பிரின்சிபல் ஙே.

ஙூ-வுக்குத்தான் இரண்டு கிழமை போனது.
தமிழில் நாம் இருக்கிறது, நாங்கள் இருக்கிறது.
நாங்கள் என்று என் ஊர் சொல்லும்போது
ஹஸ்மியா இறங்கிவிட வேண்டும்.
மருதமுனை சொல்லும்போது நான்.
ஙூ-வில் இரண்டே இரண்டு இருக்கை.
மூன்றாவது ஆள் ஏறினால்
அது வேறு சொல்.

வினைக்கு இன்றும் நாளையும் போதும் என்றோம்.
இரண்டு பேரின் வீட்டிலும்
இறந்தகாலத்தில்தான் பேச்சே நடந்தது.
ஓ.எல். முடிய எழுதலாம் என்று
கொப்பியில் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டோம்.

அவள் தம்பி ரிப்னாஸுக்கு எட்டு வயது.
நூல்கட்டுகளுக்கு அடியிலிருந்து
கொப்பியைக் கண்டெடுத்தவன்.
"ராத்தா, ஙூ எண்டா நானும்தானே?"
"இல்லடா."
"அப்ப நான் ஆரு?"
"ஙே."
ஙே என்று முழித்தான்.

அன்றிலிருந்து பிழைபிழையாய்ப் பேசித் திரிந்தான்.
தனக்குப் பசித்தால் ஙீ-க்குப் பசி என்றான்.
அடைக்கோழியைப் போய் ஙூ என்றான்.
சிவப்புப் பேனையால் திருத்தினோம்,
காதைப் பிடித்துத் திருத்தினோம்.
அவன் கோழியோடு பேசுவதை நிறுத்தவில்லை.

பிறகு அந்த வாரம்.
எல்லை வீதியில் டயர் எரிந்தது, கடை பூட்டு, பஸ் இல்லை.
என்னைப் போகாதே என்று ஒருவரும் சொல்லவில்லை.
அதுதான் வெட்கம்.
வீதி திறந்த பின்னும் நான் வேறு வாங்கில் இருந்தேன்,
அவளும் கூப்பிடவில்லை.
ஙூ-வை ஒருமையில் சொல்ல
எங்களிடம் விதி இல்லை.

ஹஸ்மியா இப்போது டோஹாவில், கணக்குப் பகுதியில்.
நான் கல்முனை வங்கியில், மூன்றாம் கவுண்டர்.
நேற்று ரிப்னாஸ் வந்தான்,
தாடியும், ஓட்டோச் சாவியும், கையில் ஒரு மகளுமாக.
லீசிங் காசை எண்ணித் தள்ளினான். நான் எண்ணினேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள்.
வேகமாக. திக்கல் இல்லாமல்.
வசனத்துக்கு வசனம்
முடிவில் ஒரு 'டக்', தறியில் நாடா அடிப்பதுபோல.

"அது என்ன டக்?" என்றேன்.
"நடந்து முடிஞ்சத்துக்கு.
கொப்பியில ஒரு பக்கம் சும்மா கிடந்திச்சே, அக்கா."

"ஙோம் எண்டு அடிக்கடி சொன்னீங்க..."
சிரித்தான். சிரிப்பில் கோபம் இருந்ததா என்று
இன்னும் எண்ணிப் பார்க்கிறேன்.
"அது எங்களுக்கு. கோழியும் உண்டு,
பிள்ளட கூட்டாளிமார் ஆறேழு பேரும் உண்டு.
ஒங்க ரெண்டு பேரத் தவிர."

ரசீதில் முத்திரை குத்தினேன்.
பிள்ளை என்னைக் காட்டி ஏதோ கேட்டது.
அவன் குனிந்து சொன்னான்:
"ஙே லமுடக்."

ஙே, நான்.
டக், அது முடிந்துவிட்டது.
நடுவிலுள்ள வினை மட்டும் தெரியவில்லை.
மறந்தாளா, அழுதாளா, தொடக்கினாளா, ஓடினாளா.

இலக்கம் எழுபத்து மூன்று, என்று
தமிழில் கூப்பிட்டது இயந்திரம்.