மோர், ரூபாய் இருநூற்று நாற்பது

ஐயா,
தங்கள் தணிக்கைக் குறிப்பு, பத்தி ஏழு:
"மோர், ரூ.240. அனுமதித்த தலைப்பில் வரவில்லை.
விளக்கம் தருக."

தருகிறேன்.

நிதியோடு வந்த தலைப்புகள் நான்கு.
வாகனம், புத்தகம், மதிப்பூதியம், இதர.
இதரவில் ஏற்கெனவே ஒரு பூட்டு, இரண்டு விளக்குமாறு,
பேன் மருந்து பதினோரு பாட்டில்.
மோருக்கு அங்கே இடமில்லை.

செக்கானூரணிக்கு மேற்கே கண்மாயை ஒட்டிச் சூளை.
கார்த்திகையில் வந்தார்கள், பலாங்கீரிலிருந்து,
மூன்று ரயில் மாறி,
வாங்கிய முன்பணத்தின் பின்னாலேயே.
பிள்ளைகள் பத்தொன்பது.
பதினொன்று என்றுதான் எழுதியிருக்கிறேன்.
மீதி எட்டு பேர்
விடியலில் பச்சைக் கல்லைப் புரட்டிப் போடுகிறவர்கள்.
அவர்களை எந்தத் தலைப்பில் எழுதுவதென்று
சுற்றறிக்கை எதுவும் வரவில்லை.

மொக்கராசின் ஷேர் ஆட்டோ, மாதம் மூவாயிரம்.
(ரசீதில் கையெழுத்தின் மேல் கிரீஸ் கறை.
அது அவர் கைதான்.)
முதல் நாள் ஆட்டோ வந்து நின்றதும்
எங்கள் ஐந்தாம் வகுப்பு மொத்தமும் ஜன்னலில்.

உன் பேர் என்னம்மா?
எட்டு வயதிருக்கும். முழங்கை வரை செம்மண்.
எழுந்து நின்று சொன்னாள்:
"மோர் நாங் ஜெமா."

என் பெயர் ஜெமா. அவ்வளவுதான்.
மோர் என்றால் அவர்கள் பேச்சில் 'என்னுடைய'.
எங்கள் பிள்ளைகளுக்குக் கேட்டது வேறு.
"டீச்சர், நான் மோருங்குது டீச்சர்!"
ஓடு அதிரச் சிரித்தாய்ங்க.

அன்றிலிருந்து அவள் மோர்.
குழாயடியில் மோர். சத்துணவு வரிசையில் மோர்.
எட்டாம் நாள் ஆட்டோவில் ஓர் இடம் காலி.

திட்டக் கையேட்டில் ஒருங்கிணைப்பு, மூன்றாம் பிரிவு:
வரவேற்புப் பதாகை, பலூன், உறுதிமொழி.
பலூன் வாங்கவில்லை.
மதிப்பூதியம் வாங்கும் பிலாசினியோடு
சூளைக்கு நடந்தேன், ஜெமாவைக் கூட்டிவந்தேன்.
பங்குனி வெயில்.
கருமாத்தூர் ரோட்டில் பானையோடு நின்ற பஞ்சவர்ணத்தை
பள்ளிக்குள் கூப்பிட்டேன்.
டம்ளர் ஐந்து ரூபாய். நாற்பத்தெட்டு டம்ளர்.
கணக்கு சரி.

விதி ஒன்றே ஒன்று.
மோர் வேண்டுமா,
ஜெமா பேச்சில் உன் பேரைச் சொல்.
டம்ளரைக் கொடுப்பது அவள்.

முதலில் விருமாண்டி மகன் கவின்.
"மோர் நான்..."
இல்லை என்று தலையாட்டினாள்.
"மோர் நான்ன்..."
இல்லை.
கடைசியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.
சத்தம் அப்போதும் தப்புதான்.
அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கொடுத்துவிட்டாள்.

மூன்று பேர் குடிக்கவில்லை.
அதுக கையால வாங்கினா வீட்டில் வைவாக என்றார்கள்.
அந்த மூன்று டம்ளரைக் கணக்கில் கழிக்கவில்லை.
ஊற்றியது ஊற்றியதுதான்.

மறுநாளிலிருந்து குழாயடியில்
அவளை ஜெமா என்றார்கள்.
சிலர் மோர் என்றார்கள், திரும்பிப் பார்த்தாள்.
இரண்டுக்கும் பார்த்தாள்.

இரண்டாம் தவணை கணக்கில் ஏறிய அன்று
மழை பிடித்துவிட்டது. சூளை அணைந்துவிட்டது.
ஆட்டோ வெறுமனே வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது.
'தொடர்ந்து பயில்கிறாரா' என்ற கட்டத்தைக்
காலியாக விட்டது மறதியால் அல்ல.
போவதற்கு முதல் நாள் ஜெமாவின் எமிஸ் எண்ணை
அவள் முன்கையில் பேனாவால் எழுதினேன்,
தாள் தொலைந்துவிடும் என்று.
மூன்று ரயில் வியர்வைக்கு
மை தாங்கியிருக்காது, தெரியும்.

ரூ.240 என் சம்பளத்திலிருந்து செலுத்திவிட்டேன்.
சலான் இணைப்பு ஒன்பது.
பத்தி ஏழை முடித்து வைக்கக் கோருகிறேன்.

ஐப்பசி முடியப் போகிறது.
சூளைக்காரர் புதுக் குடிசைக்குத் தகரம் இறக்குகிறார்,
மொக்கராசு டயர் மாற்றிவிட்டார்.
இந்த ஆண்டு, ஐயா,
இதர என்பதை மட்டும்
கொஞ்சம் கூட்டி அனுப்புங்கள்.