முட்டு

மலை இறங்கும் ரயிலுக்கு
நேர்க்கோடு வாய்ப்பதில்லை.
ஐடஹோவின் தேவதாருக் காட்டுக்குள்
நாற்பத்தோராம் மைலில் ஒரு வளைவு.
வளைவின் வயிற்றில் ஒரு வீடு.
வீட்டில் ஹில்மா.

பின்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவள்.
கணவன் ஆர்வோ பாதை மேஸ்திரி.
அவன் இருக்கும் பக்கம் சத்தம் இருக்கும்,
அவள் இருக்கும் பக்கம் கணக்கு:
மாவு எத்தனை நாளைக்கு, மண்ணெண்ணெய் எவ்வளவு,
எந்த ரயிலுக்கு எந்தத் தட்டு நகர்கிறது.

இரவு பதினொன்றேகால் மரச் சரக்கு
அலமாரியில் நீலக் கோப்பையை
ஒரு விரல் நகர்த்தும்.
மார்ச் பிறந்ததும் இரண்டு விரல்.
ஒரு வியாழக்கிழமை கோப்பை விழுந்தது.
கைப்பிடி தனியாக, கோப்பை தனியாக.

மறுநாள் ஈரத்துணியைக் கூடையிலேயே விட்டுத்
தண்டவாளத்தின் மேல் குனிந்தாள்.
சக்கரம் தேய்த்த வெள்ளி வரி
எப்போதும் தலை நடுவே ஓடும், நேர் வகிடாக.
இன்று உள்விளிம்பில் ஒதுங்கிக் கிடந்தது,
யாரோ அவசரத்தில் வாரிவிட்ட தலை.

வெளித் தண்டவாளம் சாய்கிறது என்றாள்.
பாதை அதிகாரி டியர்னி சிரித்தார்:
"இரும்பு சாயாது அம்மா. உங்கள் அலமாரிதான் சாய்கிறது."
விளக்குமாற்றுக் கழியை எடுத்து வந்தாள்.
அதில் கத்தியால் இரண்டு கீறல்,
இடையே நாலடி எட்டரை அங்குலம்.
கழியைக் குறுக்கே வைத்தாள்.
கீறலுக்கும் இரும்புக்கும் நடுவே
அவள் கட்டைவிரல் முழுசாகப் போனது.
டியர்னி தன் விரலையும் விட்டுப் பார்த்தார்.
அதன் பிறகு அவர் அலமாரியைப் பற்றிப் பேசவில்லை.

பிட்ஸ்பர்கிலிருந்து ஒரு பீப்பாய் வந்தது.
வைக்கோலில் பொதிந்து, இருபத்துநாலு.
பார்க்க ஒன்றுமில்லை:
மடக்கிய முழங்கை அளவு வார்ப்பிரும்பு.
பாதம் கட்டையில்,
தோள் தண்டவாளத்தின் இடுப்பில்.
சுழலாது, திறக்காது, எண்ணெய் கேட்காது.
சக்கரம் வெளியே நெட்டித் தள்ளும்போது
"மாட்டேன்" என்பது மட்டும் அதன் வேலை.

கடப்பாரை போட்டு நெம்பித்
தண்டவாளத்தை அதன் இடத்துக்கு இழுத்தார்கள்.
ககுஜி முட்டைப் பிடித்தான், ராங்கெல் அடித்தான்.
ஜப்பான் ஒரு பக்கம், பல்கேரியா ஒரு பக்கம்;
ஏறும் சம்மட்டிக்கு மூச்சு, இறங்குவதற்கு ஓசை,
அந்த இலக்கணம் போதுமாயிருந்தது.
முட்டு ஒன்றுக்கு மூன்று ஆணி.
ஆணி வளைந்தால் ராங்கெல்
ஆணியை விட்டுவிட்டு
நேராகக் கடவுளைத் திட்டினான்.
ககுஜி மரியாதையாகத் தலையாட்டினான்.

வளைவில் கட்டைகள் இருபத்தேழு.

"நடுவில் அடியுங்கள், ஓரம் பிழைத்துக்கொள்ளும்"
என்று சொல்லி டியர்னி டிராலி ஏறிப் போனார்.
ஓரத்து மூன்றுக்கு ஆர்வோ
ஓக் மரத்துண்டைச் செதுக்கிச் செருகினான்.
சப்பைக்கட்டு என்றால் என்னவென்று
கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள்
அந்த இடத்துக்கு வரலாம்.

பதினொன்றேகால்.
நாலு பேரும் வாசலில்.
ராங்கெல் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டான்,
திட்டியதெல்லாம் நினைவு வந்திருக்க வேண்டும்.
விளக்கு மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தது.
வளைவில் சக்கரம் கீச்சிட்டது,
இருபத்துநாலு தோள்களும்
ஒரே சமயத்தில் "ம்" என்றன.
முப்பத்தெட்டுப் பெட்டி. ஹில்மா எண்ணினாள்.
கடைசிப் பெட்டியில் ஒருவன்
நிலக்கரி அடுப்பின் மேல் உருளைக்கிழங்கு வாட்டிக்கொண்டிருந்தான்.
அவன் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

உள்ளே போனாள்.
ஒட்டுப்போட்ட கோப்பை
வைத்த இடத்தில் இருந்தது.

ஆர்வோ பதிவேட்டில் எழுதினான்:
மைல் நாற்பத்தொன்று. விசேஷம் இல்லை.
எழுதிவிட்டுத் தூங்கிப் போனான்.

ஹில்மா அதே பேனாவை எடுத்துப்
பிட்ஸ்பர்குக்கு எழுதினாள்:

ஐயா,
உங்கள் இரும்பு நிற்கிறது.
இன்னும் மூன்று அனுப்புங்கள்.
மரத்துண்டு மழை வரைக்கும் தாங்கும்.
ஆணி எங்களிடமே இருக்கிறது.